தொண்ணூற்றேழு பாயின்ட்

"சொல்லிக் கொடுத்ததையெல்லாம் மறந்துருச்சு மேடம்" என்றார் கோமதிநாயகம்.

பெற்ற பிள்ளையைச் சொல்லவில்லை. எதிரே கையை மடக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாததுபோல் நின்ற வெல்டிங் ரோபோவைச் சொன்னார்.

தில்ஷாத் அவருக்கு ரோபோ வேலை கற்றுக்கொடுக்க வந்தவள். அவருடைய மூத்த மகளைவிட இரண்டு வயதுதான் பெரியவள். அவர் மேடம் என்பார், அவள் அண்ணா என்பாள். ஓசூர் கம்பெனிகளில் இதெல்லாம் சகஜம்.

"அது மறக்கல" என்றாள்.

"பின்னே ஏன் தப்பா போவுது?"

"நீங்க சொன்ன இடத்துக்குத்தான் போகுது."

கோமதிநாயகத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

நடந்தது இதுதான். கார் சீட்டின் இரும்புச் சட்டத்தை ஒரு மேசையில் இறுக்கி வைப்பார்கள். ரோபோ அதில் நூற்று நாற்பத்தாறு இடங்களைத் தொட்டுப் பற்றவைக்கும். புதன்கிழமை காலையில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்னால் வந்து மேசையை இடித்துவிட்டது. இரண்டு விரற்கடை நகர்ந்து, கொஞ்சம் கோணியும் போயிற்று. மெயின்டனன்ஸ்காரர்கள் வந்தார்கள். நகர்ந்த இடத்திலேயே போல்ட் போட்டுத் தரையோடு இறுக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விட்டார்கள். அந்தப் புண்ணியவான்களை என்ன சொல்ல.

அன்றிலிருந்து ரோபோ காற்றில் பற்றவைத்தது.

கோமதிநாயகம் அதன் கையை ஒவ்வொரு இடத்துக்கும் கொண்டுபோய், முனையைச் சரியாக வைத்து, பட்டனை அழுத்திப் பதிவு செய்தார். குனிந்த முதுகு நிமிரவில்லை. இரண்டு நாளில் தொண்ணூற்றேழு பாயின்ட் முடித்தார். இன்னும் நாற்பத்தொன்பது இருந்தன.

இன்றைக்கு மூன்று மணிக்குள் ஒரு நல்ல சட்டமாவது வெளியே வர வேண்டும். வராவிட்டால் திங்கட்கிழமை முதல் பழையபடி கிரைண்டிங்குக்கே போகச் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர் மரியதாஸ். கிரைண்டிங்கில் பதினெட்டு வருஷம் இரும்புத்தூளை மூச்சோடு இழுத்தவர் கோமதிநாயகம். ராத்திரி படுத்தால் நெஞ்சு விசில் அடிக்கும். இங்கே வந்த நாலு மாதமாகத்தான் மல்லாந்து படுத்துத் தூங்குகிறார். திரும்பப் போனால் உடம்பு தாங்காது. பயமாக இருந்தது அவருக்கு.

"சாப்பிட வாங்கண்ணா" என்றாள் தில்ஷாத்.

"பாயின்ட் கிடக்கே மேடம்."

"அது எங்கயும் போகாது."

வெள்ளிக்கிழமை கேன்டீனில் இலைச் சாப்பாடு. உப்பு, ஊறுகாய், பொரியல், சோறு எல்லாம் விழுந்தது. கோமதிநாயகம் சாம்பாரைப் பிசைந்து முதல் உருண்டையை எடுத்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த தில்ஷாத் இரண்டு விரலால் அவருடைய இலையைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்தாள். இலை கோணலாக நின்றது.

"என்ன மேடம் இது?"

"உப்பு எங்க இருந்துச்சு?"

"நுனியில, இடது கைப்பக்கம்."

"இப்போ?"

"நுனியிலதான்."

"நகர்த்திட்டேனே."

"இலையைத்தானே நகத்துனிய. உப்பையா நகத்துனிய?"

சொல்லிவிட்டு உருண்டையை வாயருகே கொண்டுபோனவர், அப்படியே நிறுத்திவிட்டார்.

தில்ஷாத் ரசம் கேட்டாள்.

அவர் மோருக்கு நிற்கவில்லை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே ரோபோ பக்கம் ஓடினார். அவள் நிதானமாக வந்து சேர்ந்தாள்.

"மேடம், இதுக்கு இலை எது?"

"மேசைதான். அந்த நூத்து நாப்பத்தாறையும் மேசை மூலையிலிருந்துதான் இது அளக்குது. மூலை நகர்ந்தது அதுக்குத் தெரியாது."

"யாரும் சொல்லலையா?"

"நீங்க சொன்னீங்களா?"

மூன்றே இடம். ரோபோவின் முனையால் மேசையின் மூலையைத் தொட்டுக் காட்டினார். நீளம் இந்தப் பக்கம் என்று ஒரு தொடல். அகலம் இந்தப் பக்கம் என்று இன்னொன்று. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தீ வராமல், கை மட்டும் மெதுவாகப் போகும்படி ஓட்டிப் பார்த்தார்.

முதல் பாயின்ட் இரண்டு விரற்கடை தள்ளி நின்றது, இந்தமுறை எதிர்ப்பக்கமாக. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"இருந்ததும் போச்சே மேடம்."

"தொண்ணூத்தெட்டுலேர்ந்து ஓட்டுங்க."

ஓட்டினார். முனை நேரே வந்து இணைப்பின் மேல் உட்கார்ந்தது. தொண்ணூற்றொன்பதும் உட்கார்ந்தது. நூறும். கடைசி வரைக்கும் ஒன்றுகூடப் பிசகவில்லை.

அவர் குனிந்து கடைசி இணைப்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நான் தொடாததெல்லாம் சரியா நிக்குது" என்றார் பிறகு.

"ஆமா."

"தொட்டது?"

"அதுவும் தொடுறதுக்கு முன்னாடி சரியாத்தான் இருந்துச்சு. இப்போ ரெண்டு தடவை நகர்ந்துடுச்சு."

அவள் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் சொருகினாள். செவ்வாய்க்கிழமை, வண்டி இடிப்பதற்கு முன்னால் எடுத்து வைத்த பாயின்ட்களின் நகல்; மேசை மூலை அதில் இல்லை. பழையதை ஏற்றினால் இப்போது இருக்கும் பாயின்ட்கள் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது.

"ரெண்டு நாள் உழைப்பு மேடம். முதுகுக்கு இன்னும் தைலம் தேய்ச்சிக்கிட்டு இருக்கேன்."

"வேணும்னா வெச்சிக்கலாம். தொண்ணூத்தேழையும் மறுபடி ஒவ்வொண்ணாத் திருத்தலாம்."

மணி இரண்டு பத்து. கோமதிநாயகம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டைவிரல் பட்டன் மேல் போனது, திரும்பி வந்தது. மறுபடியும் போனது.

அழுத்தினார்.

இரண்டே முக்காலுக்கு முதல் சட்டம் வெளியே வந்தது. மரியதாஸ் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாக விரலால் தடவிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை.

"பரவாயில்லையே. மொத்தம் எத்தனை பாயின்ட் திருத்துனீங்க?"

கோமதிநாயகம் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார்.

"ஒண்ணுகூட இல்ல சார்."