டிக் போட்ட பிளேடு

"பென்சில்ல போட்ட கோடு, துடைச்சா போயிடும்தானே மேடம்?"

கேட்டவள் ரெஜினா. கேட்கும்போதே பதில் அவளுக்குத் தெரியும்.

விமான எஞ்சினின் டர்பைனுக்குள், அனலுக்கு நடுவே சுழலப்போகும் பிளேடுகளுக்குப் புது உலோகக் கலவை தேடிக்கொண்டிருந்த கூடம் அது. அங்கே எல்லோருக்கும் குரு செண்பகவல்லிதான்.

குரு நிமிரவில்லை.

"எது மேல போட்ட கோடு?"

ரெஜினா மேஜையைப் பார்த்தாள்.

மேஜைமேல் விரிசல் விட்ட பிளேடு கிடந்தது. புதுக் கலவையில் வார்த்து, சோதனை உலையில் வைத்த முதல் பிளேடு. காலையில் உலையைத் திறந்த சிங்காரம், "இத்தனை வருஷம் தவம் கிடந்து அப்பளம் பொரிச்சிருக்கோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரெஜினாவும் சேர்ந்து சிரித்தாள். அதை நினைக்கத்தான் உடம்பே கூசியது.

"கலவை தேறலைன்னு எழுதிடப்போறேன்," என்றார் குரு. "சாயங்காலத்தோட இதை மூடிடலாம்."

"கலவை மேல தப்பு இல்ல, மேடம்."

"பின்னே யார் மேல?"

"என் மேல."

உலைக்குப் போகும் பிளேடில் பென்சில் படக்கூடாது. சூட்டில் அந்தக் கரி உள்ளே இறங்கி, பட்ட இடத்தையே நொறுங்கவைத்துவிடும். கூடத்தில் காலெடுத்து வைக்கிற அன்றே சொல்லித்தருகிற பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லித்தருகிறவளே ரெஜினாதான்.

"தெரிஞ்சும் ஏன் போட்டே?"

"அச்சை உடைச்சு எடுத்தப்ப அவ்வளவு அழகா இருந்துச்சு. ஸ்கூல்ல கணக்கு சரியா இருந்தா சிஸ்டர் ஒரு டிக் போடுவாங்களே, அந்த மாதிரி... கை தானா போட்டுடுச்சு. உடனே கைக்குட்டையால துடைச்சுட்டேன்."

குரு பிளேடை எடுத்து விளக்கடியில் திருப்பினார்.

"எந்த இடத்துல?"

ரெஜினா விரலால் காட்டினாள். விரிசல் அங்கிருந்துதான் புறப்பட்டிருந்தது.

"என்னை அனுப்பிடுங்க மேடம். ஆனா கூடத்துல இருக்கறவங்ககிட்ட மட்டும் சொல்லாதீங்க."

"நான் சொல்லமாட்டேன்."

குரு எழுந்துபோய் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அதே கலவையில் வார்த்த வேறு இரண்டு பிளேடுகளை ரெஜினாவின் முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு பென்சிலை வைத்தார்.

"ஒண்ணு அப்படியே இருக்கட்டும். இன்னொண்ணுல, நீ போட்ட மாதிரியே டிக் போட்டுத் துடை. ரெண்டும் உலைக்குப் போகட்டும். கலவை தப்பா, கோடு தப்பான்னு அது சொல்லும்."

ஏதோ சொல்ல வந்த சிங்காரம், ரெஜினாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

யாராவது ஏதாவது பேசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. காது மடல் எரிந்தது. பென்சிலை எடுத்தாள். அதன் முனை உலோகத்தில் டக்டக்கென்று தட்டியது.

"அன்னைக்கும் கை இப்படித்தான் நடுங்குச்சா?" என்றார் குரு.

"இல்ல மேடம்." பென்சிலை இறுக்கிப் பிடித்தாள். "அன்னைக்கு சந்தோஷமா போட்டேன்."

"அப்ப சந்தோஷமா போடு."