செவலை கொடுத்த பேச்சு

அந்தக் காலத்தில் நாய்களுக்கும் வாய் இருந்தது. சாதாரண வாயா என்ன? விடிந்தால் போதும், "இன்னுமா அடுப்பு பத்த வைக்கல?" என்று வீட்டு நாயே எழுப்பிவிடும்.

மலையடிவாரத்தில் ஆடு மேய்த்த ஒச்சம்மாளிடம் செவலை என்றொரு பெண்நாய் இருந்தது. ஒச்சம்மாளின் மகள் பவுனுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்து ஒரு சொல் பேசியதில்லை. பசித்தால் செவலையின் காதைப் பிடித்து இழுப்பாள்.

"ஒச்சம்மா, புள்ளைக்குப் பசிக்குது. கூழு வேணாமாம், கறிக்கொழம்பும் சோறும் வேணுமாம்" என்று செவலை வந்து சொல்லும்.

"கறி அவ கேட்டாளா, நீ கேட்டியா?"

"ரெண்டு பேருந்தான்."

ஒருநாள் பவுன் ஓடை வெள்ளத்தில் சிக்கிக்கொண்டாள். கூப்பிட வாய் இல்லை. செவலைதான் அலறி ஆள் சேர்த்தது. நனைந்த பிள்ளையைத் துவட்டிக்கொண்டே ஒச்சம்மாள் கேட்டாள்: "உனக்கு இப்பவே எட்டு வயசு ஆச்சு. நீ போன பொறவு எம்புள்ள யாரை, எப்படிக் கூப்பிடுவா?"

அன்று ராத்திரி முழுக்கச் செவலை அதையே நினைத்துக்கொண்டு கிடந்தது.

ஆண்டுக்கொருமுறை, அறுவடை முடிந்ததும், நாய்களெல்லாம் மலையடியில் போட்டிக்குக் கூடும். யானையக்காதான் நடுவர். துதிக்கையால் பல்லைப் பார்ப்பாள், விலாவைத் தடவுவாள், வால் நுனிவரை அளப்பாள். பிறகு ஓடிக்காட்ட வேண்டும். கடைசியில் அவரவர் பெருமையை அவரவரே சொல்ல வேண்டும். ஜெயித்த நாய்க்கு மலையே ஒரு வரம் தரும்.

அந்த ஆண்டு பவுனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒச்சம்மாளும் பார்க்க வந்திருந்தாள்.

"புலியே என்னைப் பாத்தா ஒதுங்கிப் போகும்" என்றது ஒரு வெள்ளை நாய்.

"போன வாரம் பூனையைப் பாத்து நீதானே ஒதுங்கின?" என்றது பக்கத்து நாய். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

செவலையின் முறை வந்தது. "எங்க பவுனு தூங்குறப்ப என் வயித்து மேலதான் காலைப் போடுவா. இடி இடிச்சா தன் காதைப் பொத்த மாட்டா, என் காதைப் பொத்துவா..."

"உன்னைப் பத்திச் சொல்லுடி" என்றாள் யானையக்கா.

"அதைத்தானக்கா சொல்லிட்டிருக்கேன்!"

ஜெயித்தது செவலைதான் என்றாள் யானையக்கா. பிறகு துதிக்கையைத் தூக்கிச் செவலையின் தலைமேல் வைத்தாள்.

காற்று நின்றது. ஆடிய இலை ஆடியபடியே நின்றது. காலடி மண்ணுக்குள்ளிருந்து மலை பேசியது: "என்ன வேண்டும்?"

"பவுனுக்குப் பேச்சு வேணும் சாமி."

"புதுப் பேச்சு என்னிடம் இல்லை. உன் பேச்சை எடுத்துத்தான் தர முடியும். அதை எடுத்தால் உலகத்து நாய்கள் அத்தனையின் பேச்சும் சேர்ந்தே போகும்."

"வேணாம் செவலை!" என்று ஒச்சம்மாள் ஓடிவந்தாள். "நீ பேசாத வீட்டுல நான் எப்படி இருப்பேன்?"

செவலை மற்ற நாய்களைத் திரும்பிப் பார்த்தது. வெள்ளை நாய்தான் முதலில் வாயைத் திறந்தது. "எங்க வீட்டுக்காரன் நான் சொன்ன எதைக் கேட்டான்? அந்தப் புள்ளைக்காவது ஆகட்டும்." சொல்லிவிட்டு முன்னங்கால்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்து இன்னொன்று படுத்தது. அப்புறம் இன்னொன்று. மலையடி முழுக்க, கண்ணுக்கெட்டியவரை, சத்தமில்லாமல் நாய்கள் படுத்தன. யானையக்காவே மண்டியிட்டுவிட்டாள்.

"ஒச்சம்மா, புள்ளைக்குத் தல தொவட்டுறப்ப காதுக்குப் பின்னாடியும் தொவட்டு" என்றது செவலை. நாய் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். பிறகு பவுனின் முகத்தை ஒருமுறை நக்கியது.

"செவலை!" என்றாள் பவுன்.

செவலை பதில் சொல்ல வாயெடுத்தது. "லொள்" என்றுதான் வந்தது. அது திகைக்கவில்லை. பவுன் மறுபடி கூப்பிட்டாள். செவலை தலையை ஒருபக்கம் சாய்த்து, அந்தக் குரலை ஒரு சொட்டு சிந்தாமல் கேட்டது. வால் மட்டும் தானாக ஆடியது.

இன்றைக்கும் நாய்க் கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள். நடுவர் பல்லைப் பார்ப்பார், விலாவைத் தடவுவார். நாய் வாயே திறக்காது. அதன் பெயரையும் வயதையும் சொல்ல, கயிற்றைப் பிடித்தபடி ஒரு மனிதர் பக்கத்திலேயே நிற்பார். கடன்பட்டவர் நாம்தானே!

நாம் பேசும்போதெல்லாம் நாய் தலையைச் சாய்த்துக் கேட்பதும் அன்று தொடங்கியதுதான். தான் கொடுத்தது நம்மிடம் நல்லபடியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறது.