இரண்டு தூக்கம் தூங்கிய பெருச்சாளி

கருமூக்கன் என்ற பெருச்சாளி மூன்று மழைக்காலம் மலைக் குகைச் சிறையில் கிடந்துவிட்டு, ஓர் அமாவாசையன்று வெளியே வந்தது.

அது செய்த குற்றம் சின்னதல்ல. கோரைக்கிழங்கு ஆசையில் காட்டு ஏரியின் கரையைக் குடைந்துவிட்டது. கரை உடைந்து, நாலு காடைக் கூடுகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. கருமூக்கன் ஒரு நாளும் அதை மறுக்கவில்லை. தண்டனை கொடுத்த கரடியைத் திட்டவும் இல்லை.

குகைக்குக் காவல் ஒரு முள்ளம்பன்றி. கைதிகள் எல்லாரும் அதை ஏட்டையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இந்தாப்பா, நல்லா கேட்டுக்க!" என்றது ஏட்டையா. "பௌர்ணமிக்குள்ள ஒரு வேலையில சேர்ந்துடணும். வேலை போச்சுன்னா, மறுபடி இங்கதான்! கரடி ஐயா உத்தரவு!"

"சரிங்க ஏட்டையா!"

வேலை என்ன, மரத்திலா காய்க்கிறது? கருமூக்கன் முதலில் அணில்களிடம் போனது. கொட்டை பிரிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கே இருந்தே இவ்வளவு நாளா?" என்று கேட்டது ஓர் அணில்.

"குகையில."

"அப்படியா! ஆள் எடுத்தாச்சே!"

தூக்கணாங்குருவிகள் நார் கிழிக்க ஆள் கேட்டிருந்தார்கள். கருமூக்கனைக் கண்டதும் கூட்டின் வாயை அடைத்துக்கொண்டு, வீட்டில் யாரும் இல்லை என்று உள்ளிருந்தே சொன்னார்கள்! இப்படிப் பதிமூன்று நாள் போனது. நிலா கிட்டத்தட்ட முழுசாகிவிட்டது.

கடைசியில் ஏரிக்கரையின் அடிவாரத்தில் இருந்த முயல்களிடம் போய் நின்றது. அங்கே வளைகளில் முப்பது முயல்கள் குடியிருந்தார்கள். தலைவி நெட்டைக்காதி. வாய் கொஞ்சம் நீளம், மனசு அத்தனை கெட்டதில்லை.

"மழையில வளைக்குள்ள சேறு சேருது. அதை அள்ளி வெளியே கொட்டணும். செய்வியா?"

"செய்யறேம்மா!"

"ஆனா ஒண்ணு! பொழுது சாஞ்சா உன் பொந்தை விட்டு வெளியே வரக் கூடாது. வந்தே, அன்னிக்கே வேலை போச்சு!"

"வரமாட்டேம்மா!" என்று கருமூக்கன் தரையில் மூக்கை வைத்துச் சத்தியம் செய்தது. நெட்டைக்காதியும் கரடியிடம் போய், "இவனுக்கு வேலை குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தது.

கருமூக்கன் பகல் முழுக்க ஓடி ஓடிச் சேறு அள்ளியது. அதில் குறை சொல்ல ஒருவரும் இல்லை. தூக்கத்தில்தான் வம்பு வந்தது.

குகையில் சீக்கிரமே இருட்டிவிடும். கைதிகள் அப்போதே படுத்துவிடுவார்கள். நடுச்சாமத்தில் தலை எண்ண ஏட்டையா வரும். எல்லாரும் எழுந்து, எண்ணி முடிந்ததும் கொஞ்சம் பேசியிருந்துவிட்டு, மறுபடி விடியும்வரை தூங்குவார்கள். மூன்று வருஷத்தில் கருமூக்கனுக்கு இந்த இரண்டு தூக்கம் உடம்போடு ஊறிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த முயல்களின் முன்னோர்களும் இப்படித்தான் தூங்கினார்கள்! முதல் தூக்கம், மறுதூக்கம் என்று இரண்டு. நடுவில் எழுந்து குட்டிகளுக்குப் பால் கொடுப்பார்கள். அப்புறம் கரைமேல் ஒரு நடை போவார்கள். எங்காவது ஈரம் கசிந்தால் காலால் மிதித்து இறுக்கிவிட்டு வந்து படுப்பார்கள். மனிதர்கள்கூட ஒரு காலத்தில் இப்படி இரண்டு தவணையாகத் தூங்கினார்களாம். விளக்கு வந்ததும் விட்டுவிட்டார்களாம்.

முயல்களுக்கும் விளக்கு வந்தது. மின்மினிகளைப் பிடித்து வளைக்குள் வைத்தார்கள். நெடுநேரம் வெளிச்சத்தில் அரட்டை அடித்தார்கள். பிறகு படுத்தால் விடியும்வரை ஒரே தூக்கம். இடியே விழுந்தாலும் எழமாட்டார்கள்! நடுவில் விழிப்பவனைக் கண்டால், "ஒண்ணு நோயாளி, இல்லாட்டித் திருடன்" என்று சிரித்தார்கள். கரைமேல் நடை போனதையே மறந்துவிட்டார்கள்.

ஒருநாள் அடைமழை. ஏரி தளும்பியது. நடுச்சாமத்தில் வழக்கம்போலக் கருமூக்கனுக்கு விழிப்பு வந்தது.

கர்... கர்... என்று மண் கரைகிற சத்தம். கருமூக்கன் எழுந்து உட்கார்ந்தது. இந்தச் சத்தத்தை அது ஒருமுறை கேட்டிருக்கிறது. அன்றைக்குக் கேட்டும் கிழங்கைத் தின்றுகொண்டே இருந்தது. அப்புறம்தான் காடைகளின் அலறல் கேட்டது.

வெளியே போனால் வேலை போய்விடும். வேலை போனால் குகை. போகாவிட்டால்?

கருமூக்கன் பொந்துக்குள் இருந்தபடியே முதலில் கத்திப் பார்த்தது. "அம்மா! கரை கசியுது! எழுந்திருங்கம்மா!"

முயல்களின் குறட்டைதான் பதிலாக வந்தது. கருமூக்கன் வெளியே ஓடி, ஒவ்வொரு வளை வாசலாகத் தட்டியது. ஒரு முயல், "சும்மா கிடடா!" என்று புரண்டு படுத்தது. இனி நேரமில்லை என்று கருமூக்கன் கரைக்கு ஓடியது.

நண்டு ஒன்று போட்ட வளை வழியாகத் தண்ணீர் விரல் பருமனில் வந்துகொண்டிருந்தது. கருமூக்கன் களிமண்ணைப் பிசைந்து, கோரைப்புல்லைச் சேர்த்து, ஓட்டைக்குள் திணித்தது. திணிக்கத் திணிக்கத் தண்ணீர் தள்ளியது. கடைசியில் தன் முதுகையே அதில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்துகொண்டது. விடிகிற நேரத்தில் களிமண் பிடித்துக்கொண்டது, கசிவும் நின்றது. அசதியில் அங்கேயே கண்ணயர்ந்தது.

"கையும் களவுமா பிடிச்சாச்சு!" என்ற கூச்சலில் விழித்தது. சுற்றிலும் முயல்கள் நின்றார்கள். முன்னால் நெட்டைக்காதி.

"அம்மா, இது நண்டு போட்ட வளை! நான் அடைச்சேன்!"

"கையைப் பாருங்க, காலைப் பாருங்க, எல்லாம் கரை மண்ணு! ராத்திரியில நல்லவன் எவனாவது முழிச்சிருப்பானா? பழைய புத்தி போகலே!" நெட்டைக்காதி பற்களைக் கடித்தது. "இந்த மண்ணையும் தோண்டி எடுங்க! கரடி ஐயா முன்னால சாட்சிக்கு வைக்கணும்!"

கருமூக்கன் அலறியது. "ஐயோ, அதை எடுக்காதீங்கம்மா! என்னை எங்கே வேணும்னாலும் கொண்டுபோங்க! அந்த மண்ணை மட்டும் விட்டுடுங்க!"

"பாத்தீங்களா! சாட்சியை மறைக்கப் பாக்கிறான்!"

களிமண் அடைப்பு முழுசாக வெளியே வந்தது. பின்னாலேயே தண்ணீர் எட்டிப் பார்த்தது. "பாருங்க, இவன் போட்ட ஓட்டையை!" என்று ஒரு முயல் நாலு பிடி மணலை அள்ளி அப்பிவிட்டது. அந்தக் களிமண்ணை இலையில் வைத்துக் கரடியிடம் கொண்டுபோனார்கள். கரடி மண்ணை முகர்ந்தது. கருமூக்கனின் கையை முகர்ந்தது. இரண்டும் ஒரே மண். ஓட்டையை நேரில் போய்ப் பார்க்க அதற்குச் சோம்பல். மறுபடி குகைதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மூன்றாம் நாள் மறுபடி மழை. நடுச்சாமத்தில் ஏட்டையா தலை எண்ண வந்தபோது, கருமூக்கன், ஏரிக்கரைவரை இறங்குகிற பாறைச் சுவரில் காதை வைத்து நின்றிருந்தது.

"ஏட்டையா! கரை போகுது! உங்க காலைப் பிடிக்கிறேன், போய் முயல்களை எழுப்புங்க!"

ஏட்டையா முதலில் முறைத்தது. பிறகு அதுவும் காதைத் தீட்டிக் கேட்டது. அடுத்த கணம் மலையிறங்கி ஓடியது.

விடிந்த பிறகு நனைந்து திரும்பி வந்தது. அதன் முட்களில் சேறு அப்பியிருந்தது.

"எத்தனை பேர், ஏட்டையா?"

"ஏழு பேர்தான் மிச்சம். நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. மத்தவங்க படுத்தபடியே போயிட்டாங்கப்பா. மின்மினிதான் தண்ணி மேல சுத்திக்கிட்டிருந்தது."

கருமூக்கன் வாய்விட்டு அழுதது. குகையில் ஒருவரும் அதை அடக்கவில்லை.

மாலையில் குகை வாசலில் நெட்டைக்காதி வந்து நின்றது. ஒரு காது கிழிந்து தொங்கியது. அதன் குட்டிகள் ஐந்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"நாங்க களிமண்ணைப் பிடுங்கின இடத்திலதான் கரை உடைஞ்சுது. கரடி ஐயாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். உன்னை விடச் சொல்லிட்டாரு. வா கருமூக்கா! உனக்கு வேலை இருக்கு. காவல் வேலை."

கருமூக்கன் தலையை நிமிர்த்தி அதைப் பார்த்தது. அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"வரேம்மா. ஆனா ஏழு பேர் போக, மத்தவங்களுக்கு இனி என்ன காவல்?"

நெட்டைக்காதி தலையைக் குனிந்தபடி முன்னே நடந்தது; கருமூக்கன் பின்னால் போனது.

தண்டனையை அனுபவித்துத் திருந்தி வந்தவனின் நல்ல செயலையும் பழைய குற்றக் கண்ணாலேயே பார்ப்பவர்கள், தங்களைக் காக்கும் கையைத் தாங்களே தட்டிவிடுகிறார்கள்.