தோளுயரக் கல்

"ஏத்திவிட ஆளில்லாத இடத்துல சுமையை இறக்காதே" என்று தாசையன் மாமா சொல்வார். அதற்கு அடுத்து இன்னொரு பாதி உண்டு. அது ஜஸ்டஸுக்கு ஞாபகமில்லை. மாமா வெற்றிலையை மறுகன்னத்துக்கு மாற்றிக்கொண்டது ஞாபகமிருக்கிறது. பக்கத்தில் யாரோ சிரித்தது ஞாபகமிருக்கிறது. சொல் மட்டும் பாதி போய்விட்டது.

மீந்த பாதியை வைத்து அவன் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தான்.

கணினியில் ஆடும் விளையாட்டு. ஒருவன் முதுகில் உப்பு மூட்டையோடு கடற்கரையிலிருந்து மலையடிவாரம் வரை நடக்க வேண்டும். வழியில் மழை வரும், ஆறு வரும், நாய் வரும். மூட்டையைக் கீழே போட்டால் ஆட்டம் முடிந்தது. தூக்கிவிட ஆள் கிடையாது. படம் வரைவது, நிரல் எழுதுவது, மழைச் சத்தத்தைப் பதிவது, எல்லாம் ஜஸ்டஸ் ஒருவனே. பஹ்ரைனில் பார்த்த வேலையை விட்டுத் தக்கலைக்குத் திரும்பியது இதற்காகத்தான்.

நடுவில் முடக்குவாதம் வந்தது. காலையில் விரல்கள் மடங்காது. வெந்நீரில் முக்கி ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். டாக்டர் ஓய்வு என்றார். இப்படியே போனால் மூட்டுகள் கோணிக்கொள்ளும், பிறகு எந்த மருந்தும் நேராக்காது என்றார். ஜஸ்டஸ் தலையாட்டிவிட்டு வந்து கணினி முன் உட்கார்ந்தான். தை மாதம் சென்னையில் ஒரு கண்காட்சி. அவன் விளையாட்டுக்கு அங்கே ஒரு மேசை ஒதுக்கியிருந்தார்கள்.

கொஞ்ச நாளாக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கணினியில் விளையாட்டின் கோப்பைத் திறப்பான். பார்த்துக்கொண்டே இருப்பான். மத்தியானம் ஆகிவிடும். வலி இல்லாத நாளிலும் அப்படித்தான்.

பெல்சியா டீச்சரிடம் போனான்.

டீச்சர் அவனைவிட வயதில் ரொம்ப இளையவர். தனியாளாக மூன்று விளையாட்டுகளைச் செய்து முடித்தவர். ஒற்றைத் தலைவலிக்காரர். திரையை அளவுக்கு மேல் பார்த்தால் கண்ணுக்குள் மின்னத் தொடங்கும், அப்புறம் இருட்டறைதான். அதனால் மேசையில் ஒரு சின்ன மணி வைத்திருப்பார். அது அடித்தால் எழுந்துவிடுவார். சனிக்கிழமைகளில் வீட்டு மாடியில் சிலருக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுப்பார். அந்த வகுப்பிலேயே நரைத்த தலை ஜஸ்டஸ் ஒருவன்தான். டீச்சர் அவனை அண்ணே என்பார். அவன் அவரை டீச்சர் என்பான்.

அன்றைக்கு மற்றவர்கள் போன பிறகும் அவன் போகவில்லை. டீச்சர் சுக்குக் காப்பி கொண்டுவந்தார். காது வைத்த கோப்பையில் அல்ல. இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு கிண்ணத்தில்.

"விட்டுடவா, தொடரவா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க டீச்சர். அதைச் செய்யறேன்."

"விளையாட்டை இங்க விட்டுட்டுப் போங்க. ஆடிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

அடுத்த சனிக்கிழமை வந்தான். ஆறு வரை போனதாகச் சொன்னார். தண்ணீர் நன்றாக வந்திருக்கிறது, ஓடுகிற தண்ணீரே தெரிகிறது என்றார். ஜஸ்டஸுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமையும் ஆறு வரைதான் போயிருந்தார். அதற்கடுத்தும் அப்படியே. ஜஸ்டஸுக்குப் பொறுக்கவில்லை. ஆற்றைத் தாண்டுவது அப்படியொன்றும் கஷ்டமில்லையே என்றான்.

"கஷ்டமில்ல. ஆத்துக்கு வர்றப்ப மணி அடிச்சுடுது."

"அதனால என்ன?"

"நான் எழுந்துடுவேன். திரும்பி வந்தா மறுபடி கடற்கரை. விட்ட இடத்துல தொடர வழியே வைக்கலையே நீங்க. உங்க உப்பு அங்கேயே கரையுது அண்ணே."

வேண்டுமென்றேதான் வைக்கவில்லை என்று அவன் விளக்கினான். சுமை என்றால் சுமை. நடுவில் நிறுத்தி, நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றால் அது எப்படிச் சுமையாகும்? தான் தினமும் மலையடிவாரம் வரை போகிறோமே என்றான்.

"எப்படிப் போறீங்க? காட்டுங்க."

அவன் விசைப்பலகையில் ஒரு சாவியைத் தட்டினான். மூட்டைக்காரன் கடற்கரையிலிருந்து மறைந்து மலையடிவாரத்தில் நின்றான். சோதித்துப் பார்ப்பதற்காகச் செய்கிறவர்கள் வைத்துக்கொள்ளும் குறுக்குச் சாவி. எந்தக் கட்டத்துக்கும் தாவலாம்.

"இது நல்லா இருக்கே. எனக்குத் தரலையே."

"அது ஆடறவங்களுக்கு இல்ல டீச்சர். செய்யறவனுக்கு."

"சரி. இன்னைக்கு நீங்க ஆடறவர். சாவி இல்லாம, முதல்ல இருந்து."

தன் விளையாட்டை முதலிலிருந்து ஆடி எவ்வளவு காலமாயிற்று என்று ஜஸ்டஸுக்கே தெரியவில்லை. உட்கார்ந்தான். கடற்கரை போயிற்று. பனங்காடு போயிற்று. மழை பிடித்துக்கொண்டது. ஆற்றங்கரைக்கு வந்தபோது ஆள்காட்டி விரல் மரத்துவிட்டது. இன்னொரு விரலை வைத்து அழுத்தினான். அதுவும் வரவில்லை. திரையில் மூட்டை சரிந்து விழுந்தது.

மூட்டைக்காரன் அதன் பக்கத்தில் நின்றான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். சாலையில் ஒருவருமில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை ஜஸ்டஸ்தான் ஒரு ஆடி மாதம் தகரக் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்து பதிந்தான்.

விழுந்த மூட்டையைப் பார்த்தபடியே அவன் பேசினான்.

"இதான் டீச்சர் பயம். ஒரு மாசம் கீழ வச்சா, திரும்ப என்னால தூக்க முடியாது. எனக்குத் தெரியும். ஏத்திவிட யாரு இருக்கா?" மாமா சொன்னதையும் சொன்னான்.

"அடுத்த பாதி என்ன?"

"ஞாபகம் இல்ல."

டீச்சர் திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினார். ஆற்றங்கரையில், மழைக்குப் பின்னால், இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருந்தது. சுமைதாங்கி. பழைய சாலையில் நிற்கிற கல்லின் படத்தை இணையத்தில் எடுத்து வைத்து, பாசி முதல்கொண்டு அவன் வரைந்தது. சும்மா அழகுக்கு. மூட்டைக்காரன் அதைக் கடந்து போவான், அவ்வளவுதான்.

"இதை நேர்ல போய்ப் பார்த்தீங்களா?"

பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பதாகச் சொன்னான்.

"அதான் பெஞ்ச் மாதிரி வரைஞ்சிருக்கீங்க. முழங்கால் உயரத்துக்கு. வாங்க."

அவனுடைய கணினிப் பையை அவன் தோளிலேயே மாட்டச் சொல்லி, ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டார். குழிகளில் மெல்ல ஓட்டினார். பழைய சாலையில் டீக்கடைக்கு எதிரே கல் நின்றது. ஒரு காலில் கல்யாண வாழ்த்துத் தட்டியைக் கட்டியிருந்தார்கள். மேலே யாரோ ஹெல்மெட்டை வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஜஸ்டஸ் பக்கத்தில் போய் நின்றான். மேலே கிடத்தியிருந்த கல் அவன் தோள் உயரத்துக்கு இருந்தது.

"உட்கார முடியாதே" என்றான்.

"முடியாதுதான்."

அவன் கல்லைச் சுற்றி வந்தான். பிறகு, யாரும் சொல்லாமலே, கல்லுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பின்னால் சாய்ந்தான். முட்டி மடங்கவில்லை, குனியவில்லை. பையின் கனம் கல்லுக்குப் போயிற்று. தோள்பட்டை வார் தளர்ந்தது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றான். ஒரு பஸ் போயிற்று. டீக்கடையில் ஒருவர் இவர் என்ன செய்கிறார் என்று பார்த்தார்.

ஓர் அடி முன்னால் வைத்தான். பை அவன் தோளுக்குத் திரும்ப வந்தது. விரலே படவில்லை.

மறுபடி சாய்ந்தான். மறுபடி நகர்ந்தான்.

டீச்சர் ஸ்கூட்டரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தார். டீக்கடைப் பக்கம் திரும்பி, சீனி குறைவாக இரண்டு டீ சொன்னார்.

டீ வந்தது. டீச்சர் தன் துப்பட்டா நுனியைக் கண்ணாடித் தம்ளரைச் சுற்றிச் சுற்றி, சூடு படாதபடி அவன் கைகளுக்குள் வைத்தார். அதனால் அவர் அவன் பக்கத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று.

"நீங்க எப்படி டீச்சர்? நாள் கணக்கா இருட்டறையில கிடந்துட்டு வந்து, எப்படித் திரும்பத் தூக்கறீங்க?"

"மணி அடிக்கறப்ப நிரல்ல ஒரு வரி பாதியில நிக்கும். மிச்சம் என்னன்னு எனக்குத் தெரியும். முடிக்க மாட்டேன். அப்படியே எழுந்துடுவேன்."

அன்று மாலை ஜஸ்டஸ் கண்காட்சிக்காரர்களுக்கு, இந்த ஆண்டு வரவில்லை என்று எழுதினான். பிறகு கோப்பைத் திறந்து, ஆற்றங்கரைக் கல்லை மூட்டைக்காரனின் தோள்வரை உயர்த்தினான். மூட்டைக்காரன் அதில் சாய்வதற்கான நிரல் வரியைப் பாதி எழுதியதும் கணினியை மூடினான்.