முரண்டு எண்கள்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு எங்கள் ஊரில் மணிமாலா டீச்சர்தான் குரு. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனாலும் எல்லாரும் அவரிடம்தான் போய் நிற்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குமுதவல்லி தன் ஏழு வயது மகள் அருவியோடு வந்தாள். அருவி நேரே டீச்சர் வீட்டுப் பூனையிடம் போய்விட்டாள்.

"டீச்சர், நாளைக்கு இவளை மறுபடி ஸ்கூல்ல சேர்த்துடப் போறேன்."

"ஏன்?"

"என்னால முடியல. பத்து நாளா கணக்குப் பக்கமே வர மாட்டேங்கிறா."

சோறு தண்ணி மறந்து கணக்குப் போடுகிற பிள்ளை அது. புளியங்கொட்டைகளை வரிசை கட்டி அடுக்கும். ஆறு என்றால் மூன்று மூன்றாகச் சமத்தாக நிற்கும். ஏழு நிற்காது, எப்படிப் பிரித்தாலும் வரிசைகள் சமமாக வராது. புத்தகத்தில் அதற்குப் பகா எண் என்று பெயர். அருவி வைத்த பெயர் முரண்டு எண்.

"கடைசியா உன்கிட்ட என்ன கேட்டா?"

"நாலுலேர்ந்து எந்த இரட்டை எண்ணை எடுத்தாலும், ரெண்டு முரண்டு எண்ணைக் கூட்டினா வந்துடுதே, எப்பவுமே வருமாம்மான்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

குமுதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதெல்லாம் பெரிய கிளாஸ்ல வரும்னுட்டேன்."

அடக் கடவுளே! போன வருஷம் வகுப்பு டீச்சர் இதே வார்த்தையைச் சொன்னார் என்றுதானே அவ்வளவு சண்டை போட்டு டி.சி. வாங்கிக்கொண்டு வந்தாள்!

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே."

"அம்மாவுக்குத் தெரியாதுன்னு ஆயிட்டா அப்புறம் எங்கிட்ட எதுக்கு டீச்சர் வருவா?" கேட்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

டீச்சர் உள்ளே போய் ஒரு டப்பா புளியங்கொட்டை எடுத்து வந்தார். தரையில் கொட்டிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பன்னிரண்டு. ஒன்பதும் மூணும்," என்றார் சத்தமாக.

பூனையின் காதைத் தடவிக்கொண்டிருந்த அருவி திரும்பிப் பார்த்தாள்.

"ஒன்பது முரண்டு இல்ல. மூணு மூணா நிக்கும்."

"அட ஆமா! அப்போ?"

"அஞ்சும் ஏழும்."

அவ்வளவுதான், பூனையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். பதினாலு, பதினாறு என்று இருவரும் மாறி மாறிப் போட்டு முப்பது வரை வந்தார்கள்.

"எல்லாத்துக்கும் வருமா டீச்சர்?"

"தெரியாது."

"உங்களுக்கா?"

"எனக்கு மட்டுமில்ல. என்னென்னமோ படிச்சவங்க எல்லாம் பார்த்துட்டாங்க. பார்த்த வரைக்கும் வந்திருக்கு. எப்பவுமே வருமான்னு உலகத்துல யாருக்கும் தெரியாது."

அருவியின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு மெல்லத் திரும்பினாள்.

"அம்மா, உனக்கு?"

குமுதவல்லி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கொட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பிக்க வழியில்லை.

"தெரியாதுடா. அன்னிக்கும் தெரியாது."

அருவி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கொட்டைகளைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு கூடத்து மூலைக்குப் போனாள். குமுதவல்லி டீச்சர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"போச்சு டீச்சர். இனிமே எங்கிட்ட கேட்கவே மாட்டா."

மூலையில் கொட்டைகள் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. முப்பத்திரண்டு முடிந்தது. முப்பத்திநாலும் முப்பத்தாறும் முடிந்தன.

"அம்மா! முப்பத்தெட்டு மாட்டேங்குது! இங்க வாயேன்!"

குமுதவல்லி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நானா? எனக்குத்தான் தெரியாதே டீச்சர்."

"அது அவளுக்கும் தெரியும். தெரிஞ்சுதானே கூப்பிடுறா, போ," என்றார் டீச்சர்.