ஈக்களின் பொறந்த வீடு

ஒரு ஊர்ல ஒரு குப்பைமேடு இருந்துச்சு. என்னத்துக்குச் சிரிக்கிற கண்ணு? மத்த ஊர்ல ராசாவுக்கு மதிப்புன்னா, இந்த ஊர்ல சாணிக் குப்பைக்குத்தான் மதிப்பு. பொண்ணு குடுக்க வர்றவங்க வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முந்தி, குப்பைமேடு எத்தனை ஒசரம்னு அண்ணாந்து பாப்பாங்க. பழனாத்தா வீட்டுக் குப்பை மூணு தலைமொறையா அள்ளாமக் கெடந்துச்சு. உச்சியில நின்னா பழனிமலை தெரியும். நானே ஏறிப் பாத்திருக்கேன். ம் சொல்லு.

ம்.

அப்போ பழனாத்தாளோட செவலை மாடு கன்னு போட்டுச்சு. மூணாம் நாள் வந்துச்சு பாரு கடி ஈ, ஙொய்ய்ய்னு! ஒவ்வொண்ணும் குருவி மாதிரி, வாயி கோணி ஊசி. காலைத் தேடிக் கடிக்கும், சுருக்! செவலை வலி தாங்காம ஒதைக்கும், டமார்! பால் குடிக்க வந்த கன்னுக்கும் அதே ஒதைதான். கன்னோட விலா எலும்பு ஒண்ணொண்ணாத் தெரிய ஆரம்பிச்சுது.

பக்கத்துக் காட்டு நஞ்சப்பன் வேலியில சாஞ்சுகிட்டு, "கன்னு தங்காது பழனாத்தா. தோலை உரிச்சு வைக்கோல் அடைச்சுக் காட்டு, மாடு பால் விடும். வைக்கோல் வேணா நான் தர்றேன்"னான்.

"என் கன்னு வைக்கோலைத் திங்கும் நஞ்சப்பா. வைக்கோல் என் கன்னைத் திங்க விடமாட்டேன்"னா பழனாத்தா.

மொதல்ல வேப்பந்தழையும் நொச்சியும் போட்டு மூட்டம் போட்டா. ஈயெல்லாம் லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டே ஓடிருச்சு. நஞ்சப்பனும் இருமிக்கிட்டே ஓடிட்டான். கன்னு நாலு வாய் குடிச்சுது. புகை அடங்குச்சு, திரும்ப ஙொய்ய்ய்!

அப்புறம் மாட்டுக் காலுக்கெல்லாம் வேப்பெண்ணெய் பூசினா. உக்காந்த ஈயெல்லாம் வழுக்கி வழுக்கி விழுந்துச்சு. சாயங்காலம் சடசடன்னு மழை. எண்ணெய் போச்சு, திரும்ப ஙொய்ய்ய்!

மூணாவதா, இருக்கறதுலயே பெரிய ஈயைப் பாத்து டப்புன்னு சொம்பைக் கவுத்துட்டா.

"தொரத்தத் தொரத்த ஏன் வர்றே?"

சொம்புக்குள்ள இருந்து, "பொறந்த வீட்டை விட்டு எங்க போவேன் ஆத்தா?"ன்னு அழுதுச்சு.

"எது பொறந்த வீடு?"

"உங்க குப்பைமேடுதான். ஈரச் சாணி, நனைஞ்ச வைக்கோல்... எங்கம்மாவுக்கும் எங்க ஆயாவுக்கும் அங்கதான் பிரசவம். உங்க மாமியா மாதிரி யாரு எங்களை வெச்சுப் பாத்துக்குவா?"

பழனாத்தா முந்தானையைச் சொருகினா, மண்வெட்டியை எடுத்தா.

மாமியா ஓடி வந்து, "எம் மாமியாளோட மாமியா போட்ட குப்பைடி! அள்ளுனா என்னையும் சேத்து அள்ளு!"ன்னு உச்சியில ஏறி உக்காந்துகிட்டா.

"உக்காருங்க அத்தை. நான் அடியில இருந்து அள்ளிக்கறேன்."

தூங்கிட்டியா?

ம்... இல்ல.

சரக், சரக்! கூடை கூடையா அள்ளிக் காட்டுல வெயில் படற மாதிரி மெல்லிசா எறைச்சா. சாணி மொறுமொறுன்னு காஞ்சுது. உள்ள இருந்த புழுவெல்லாம் மைனாவுக்கும் கோழிக்கும் விருந்து. காலையும் மாலையும் மூட்டம் போட்டு, அந்தப் புகைக்குள்ளயே கன்னை மடியில ஊட்ட விட்டா. கையெல்லாம் கொப்புளம். துணியைச் சுத்திக்கிட்டு அள்ளினா.

மேடு எறங்க எறங்க மாமியாளும் ஆடாம அசையாம எறங்கிக்கிட்டே வந்தா. மொதல்ல அவளுக்குச் சோத்தைக் கயித்துல கட்டி மேல அனுப்பினாங்க. அப்புறம் ஏணி போதும்னு ஆச்சு. அப்புறம் பழனாத்தா கையாலயே நீட்டினா.

நஞ்சப்பன் கேட்டான், "என்ன பெரியாத்தா, மேல இருந்து ஊரு நல்லாத் தெரியுதா?"

"உங்க வீட்டுக் கூரையில இருக்கற ஓட்டை நல்லாத் தெரியுதுடா!"

அள்ள ஆரம்பிச்சுப் பதினெட்டாம் நாள் விடிஞ்சுது. இருந்த ஈ வயசாகிச் செத்துப்போச்சு. புது ஈ பொறக்க எடமே இல்ல. மாட்டுக் கொட்டாயில ஙொய்ய்ய்ங்கற சத்தமே இல்ல. கன்னு மடியை முட்டுச்சு. செவலை காலைத் தூக்கல. சப்பு சப்புன்னு குடிக்குது, கடவாயெல்லாம் நொரை!

அந்த நேரம் பாத்துக் கடைசிக் கூடையும் போச்சு. மாமியா பொத்துன்னு தரைக்கு வந்தா. சேலையைத் தட்டிவிட்டுட்டு நேரா கொட்டாய்க்குப் போனா, கன்னோட விலாவைத் தடவிப் பாத்தா.

"நான் எறங்கி வந்துட்டேன்னு நெனைக்காத. கன்னைப் பாக்க வந்தேன்"னா.

கன்னுக்கு வயிறு நெறைஞ்சுது, கதைக்கும் நெறைஞ்சுது. கண்ணை மூடு கண்ணு.