தலையணைக்கடியில் ஒரு நீலம்

"உங்க கல்லு ஊருக்கெல்லாம் வேலை செய்யுதுங்க. எங்கூட்ல மட்டும் ஏனுங்கம்மா செய்ய மாட்டேங்குது?"

நாச்சிமுத்து வந்ததும் வராததுமாகக் கேட்டார். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

தெய்வானை நிமிர்ந்து பார்க்கவில்லை. பித்தளைத் தாம்பாளத்துத் தண்ணீரில் ஸ்படிகங்களை ஒவ்வொன்றாக அலசிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெயில் தண்ணீரில் பட்டுக் கூரையில் மெல்ல நெளிந்தது. அந்த வீட்டுக்குள் நுழைந்தாலே பாதித் தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருக்கும்.

"உக்காருங்கண்ணா," என்றாள்.

காங்கேயத்துக்கு மேற்கே, ஒரு கரட்டுக் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது அவள் வீடு. நோவு என்று வருகிறவர்களைப் பாயில் படுக்கவைப்பாள். நெற்றியில் ஒரு கல் வைப்பாள், நெஞ்சுக்குழியில் ஒரு கல். பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான். எழுந்து போகிறவர்கள் பாரம் இறங்கிவிட்டது என்பார்கள். இறக்கியது கல்லா, அவளா, அந்தப் பாயா என்று யாரும் ஆராய்ச்சி செய்ததில்லை. இறங்கினால் சரி என்று போய்விடுவார்கள்.

நாச்சிமுத்து அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முப்பது வருஷம் கல் வியாபாரம் பார்த்தவர். கல்லை இரண்டு விரலில் உருட்டிப் பார்த்தே அது எந்தப் பக்கத்து மண்ணில் கிடைத்தது என்று சொல்லிவிடுவார். ஒன்றரை வருஷமாக அவளிடம் சீடராக இருக்கிறார்.

எல்லாம் மனைவி பாவாத்தாளுக்காக.

அவர்களுக்கு ஒரே மகன், விசாகன். இருபத்தொரு வயதில் மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து பாவாத்தாளுக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் தெரிகிறது என்பாள். அதனால் மூடுவதே இல்லை. மாத்திரைக்கும் அசையவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள். இப்படியே போனால் அவளும் போய்விடுவாள் என்று நாச்சிமுத்துவுக்கு உள்ளுக்குள் நடுக்கம்.

"எத்தனை கல்லு குடுத்தீங்க?" தெய்வானை கேட்டாள்.

நாச்சிமுத்து மடியிலிருந்து துணியை எடுத்து விரித்தார்.

"சந்திரகாந்தம் குடுத்தனுங்க. செவ்வந்திக் கல்லு குடுத்தனுங்க. பச்சை, கோமேதகம், முத்து... பத்துக் கல்லுங்கம்மா. எல்லாம் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

"எப்படிச் சோதிச்சீங்க?"

"இதென்ன கேள்விங்க? தலையணைக்கு அடியில வெச்சுத்தான்."

நீலக்கல்லுக்கு மட்டும்தான் அந்த வழக்கம். மோதிரத்தில் பதிக்கும் முன் துணியில் முடிந்து, மூன்று நாள் தலையணைக்கடியில் வைத்துப் படுப்பார்கள். நல்ல கனவு வந்தால் கல் ஒத்துக்கொண்டது. கெட்ட கனவு வந்தால் கடைக்கே திருப்பி அனுப்ப வேண்டியதுதான். நாச்சிமுத்து எதையும் கொஞ்சம் கூடுதலாகச் செய்கிறவர். எல்லாக் கல்லையும் அப்படிச் சோதிப்பார்.

"யாரு தலையணைங்கண்ணா?"

"என் தலையணைதானுங்க. அவதான் தூங்கறதே இல்லையே. வேற யாரு கனவு காண்றது?"

தெய்வானை சிரித்தாள். பிறகு துணியில் இருந்ததை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள்.

"பதினொண்ணு இருக்குதே."

நாச்சிமுத்து துணியின் ஓரத்தை இழுத்து மூடப் பார்த்தார்.

பதினொன்றாவது, ஒரு நீலம். கடலை அளவுதான் இருக்கும். வெயில் அதற்குள் போனது, வெளியே வரவில்லை.

"இதக் குடுக்கலீங்களா?"

"இன்னும் சோதிச்சுட்டு இருக்கறனுங்க."

"எத்தனை நாளா?"

"அது... ஒரு நாப்பது நாளு ஆகியிருக்கும்."

"மூணு நாள்தானுங்களே கணக்கு?"

"ஆமாங்க."

"கனவு கெட்டதா?"

"இல்லீங்க. நல்ல கனவுதான்."

"நல்லதுன்னா?"

நாச்சிமுத்து கூரையைப் பார்த்தார். அங்கே தண்ணீரின் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பையன் வர்றானுங்க."

தெய்வானையின் விரல் துணியின் மேலேயே நின்றது.

"மொத நாளே வந்தான். கெணத்து மேட்டுல நிக்கறான். குளிச்ச தலை, ஈரம் சொட்டுது. சுத்தியும் ஒரே நீலமா இருக்குதுங்க, விடியறதுக்குக் கொஞ்சம் முந்தி இருக்குமே, அப்படி. நோவு நொடி ஒண்ணும் இல்ல. கன்னமெல்லாம் சதை போட்டிருக்கு. பக்கத்துல வந்து உக்காந்துக்குவான். ஒண்ணும் பெருசாப் பேச மாட்டான். மாட்டைப் பத்திக் கேப்பான். கரண்டு வந்துச்சா, மோட்டாரு போட்டீங்களாம்பான்."

அவர் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்கவும் இல்லை.

"தெனமும் வர்றானுங்கம்மா. நாப்பது நாளா ஒருநாள் தவறல."

"பாவாத்தாக்காகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னா அவ தாங்க மாட்டாளுங்க."

தெய்வானை அவரையே பார்த்தாள்.

"அதில்லீங்க," என்றார் நாச்சிமுத்து, தலையைக் குனிந்துகொண்டு. "கல்லை அவகிட்டக் குடுத்துட்டா எனக்கு வர மாட்டானே. அவளுக்கோ தூக்கம் இல்ல. அவளுக்கும் வர மாட்டான். அப்புறம் ஆருக்குமே இல்லாமப் போயிருமே."

தெய்வானை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பசியோட வந்திருப்பீங்க. அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கியிருக்கேன்."

உண்மையிலேயே பசி. காலையில் ஒரு டீ குடித்துவிட்டுப் பஸ் ஏறியவர். உள்ளேயிருந்து தாளித்த வாசனை வந்ததும் வயிறு கூப்பாடு போட்டது.

தெய்வானை சின்னப் பானையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். வாழை இலை போட்டாள். தண்ணீர் தெளித்தாள். கரண்டியால் கொஞ்சம் எடுத்துத் தன் உள்ளங்கையில் விட்டுக்கொண்டாள்.

"உப்புப் பாத்தர்றேன்," என்றாள்.

வாயில் போட்டு யோசித்தாள்.

இன்னொரு கரண்டி எடுத்தாள். கண்ணை மூடி மென்றாள்.

"காரம் சரியா இருக்குதான்னு ஒருக்கா பாத்துக்கறேன்."

இன்னொன்று. பிறகு பருப்பு வெந்ததா என்று பார்த்தாள். நெய் போதுமா என்று பார்த்தாள். நாச்சிமுத்து இலையைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், அவள் வாயைப் பார்த்தார். குருவாயிற்றே, என்ன சொல்வது?

கரண்டி பானையின் அடியைச் சுரண்டியது.

தெய்வானை கடைசி வாயையும் விழுங்கினாள்.

"அருமையா இருக்குதுங்கண்ணா. தாராளமா உங்களுக்குப் போடலாம்."

வெறும் பானையைச் சாய்த்து இலைக்கு நேராகப் பிடித்தாள்.

நாச்சிமுத்துவுக்கு முதலில் கோபம் வந்தது. வாயைத் திறந்தார். இலை மேல் தெளித்த தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிச் சேர்ந்திருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கை மெல்ல நீலத்தின் பக்கம் போனது.

பத்துக் கல்லை அங்கேயே விட்டார். நீலத்தை மட்டும் எடுத்து மடியில் முடிந்துகொண்டார்.

"வர்றனுங்கம்மா."

"சாப்பிடாமப் போறீங்களே," என்றாள் தெய்வானை, கிண்டலாக. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பாவாத்தாள் கயிற்றுக்கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காலையில் அவர் கிளம்பியபோதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

நாச்சிமுத்து பக்கத்தில் உட்கார்ந்தார். மடியை அவிழ்த்துக் கல்லை நீட்டினார்.

"இன்னொண்ணா?" என்றாள்.

"இதுல பையன் வர்றான்."

அவள் திரும்பினாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். நாற்பது நாள் என்பதையும் சொன்னார். ஒளித்து வைத்ததையும் சொன்னார். அடிப்பாள் என்று நினைத்தார். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தார்.

பாவாத்தாள் கல்லைத் தொடவே இல்லை.

"என்ன சட்டை?" என்று கேட்டாள்.

"கோடு போட்டது. பொங்கலுக்கு எடுத்தது."

"அது கழுத்துல அரிக்குதும்பானே."

"சொரிஞ்சுக்கிட்டேதான் உக்காந்திருந்தான்."

அவள் கொஞ்சம் கிட்டே நகர்ந்தாள்.

"மெலிஞ்சிருக்கானா?"

"இல்ல. சதை போட்டிருக்கான்."

"கண்ணு? மஞ்சளா?"

"வெள்ளை வெளேர்னு இருக்குது, பாவாத்தா. கொழந்தைக் கண்ணாட்டம்."

பாவாத்தாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இரண்டு வருஷமாக வறண்டு கிடந்த கண் நிறைந்து வழிந்தது. அவர் துடைக்கப் போனார். கையைத் தட்டிவிட்டாள். பிறகு அவளே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக் கேட்டானா?"

நாச்சிமுத்து தெய்வானையிடம்கூடச் சொல்லாதது அது ஒன்றுதான்.

"தெனமும் கேக்கறான். போறப்பத் திரும்பிப் பாத்துக் கேப்பான். அம்மா எங்கப்பான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தூங்கறாடா, எழுப்ப வேண்டாம்னு சொன்னேன்."

"நாப்பது நாளுமா?"

"நாப்பது நாளும்."

வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். சலங்கைச் சத்தம் வெகுதூரம் வரை கேட்டுப் பிறகு கரைந்தது.

"பெத்த புள்ளகிட்டப் போய்ப் பொய் சொல்லிட்டு வந்திருக்கீங்களே," என்றாள் பாவாத்தாள்.

கால்களை மேலே தூக்கிக் கட்டிலில் வைத்தாள். தலையணையைத் தட்டிச் சரிசெய்து, நீலத்தை அதற்கடியில் வைத்தாள்.

"தள்ளிப் படுங்க."